விதையிலிருந்து எரிபொருள்: நமக்கு எது உதவும்?

1990ஆம் ஆண்டு வடக்கிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபோது நான் சிறுவன். ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய திரி. அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது அந்த நாட்கள் மீண்டும் நினைவுக்கு வந்தன. கிணற்றில் நீர் இருந்தும், இறைக்க எண்ணெய் இல்லாமற் பயிர் வாடுவதைக் கண்டவர்கள் நாம்.

ஆகவே, "வேப்பங்கொட்டையிலிருந்து டீசல் எடுக்கலாமாம்" என்று ஒருவர் சொன்னால் ஆவலுடன் கேட்கிறோம். இதில் உண்மை உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

எவ்வாறு நடைபெறுகிறது?

வேம்பு, இலுப்பை, புங்கு, ஆமணக்கு, காட்டாமணக்கு ஆகியவற்றின் விதைகளை நாம் உண்பதில்லை. ஆயினும் அவை எண்ணெய் மிகுந்தவை. இலுப்பைப் பருப்பின் நிறையில் ஏறக்குறைய பாதி எண்ணெயே. செக்கிலிட்டு ஆட்டுவது நமக்குத் தெரிந்த வழி. மற்றது வெப்பத்தாற் சிதைக்கும் வழி.

சிரட்டைக்கரி சுடுவதை எண்ணிப் பாருங்கள். காற்றுப் புகாமல் மூடுவதால் சிரட்டை சாம்பலாகாமற் கரியாகிறது. புகை வீணே போய்விடுகிறது. அந்தப் புகையைக் குழாய்வழியே செலுத்திக் குளிரவைத்தால் அதில் ஒரு பகுதி கருநிறத் திரவமாக வடியும். விதைகளுக்கும் இதுவே முறை. நன்கு காயவைத்த விதையைக் காற்றில்லாத இரும்புக் கலத்தில் இட்டு, 450 முதல் 550 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். திரவம், கரி, எரியும் வாயு என மூன்று பொருட்கள் கிடைக்கும். வாயுவைத் திரும்பவும் அடுப்புக்கே விடலாம். விதைக்கும் உலைக்கும் ஏற்ப அளவு மாறும். சில சோதனைகளில் விதையின் நிறையிற் பாதியளவு திரவம் கிடைத்திருக்கிறது.

எச்சரிக்கை

இத்திரவம் டீசல் அன்று. அதில் நீரும் அமிலமும் கலந்திருக்கும். சுத்திகரிக்காமல் நீரிறைக்கும் இயந்திரத்தில் ஊற்றினால் உலோகம் அரிக்கும். பிசின் படிந்து இயந்திரம் இறுகிவிடும். கடன்பட்டு வாங்கிய இயந்திரத்தைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டாம்.

தகரப் பீப்பாவில் வீட்டிற் செய்து பார்ப்பதும் கூடாது. குழாய் தாரினால் அடைபட்டால் கலம் வெடிக்கலாம். வெளியேறும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமில்லை. நெருக்கமான கொட்டில்களில் அது உயிரைக் குடிக்கும். இது பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில், கூட்டுறவுச் சங்கம் போன்ற ஓர் அமைப்பு செய்யவேண்டிய வேலை. ஆமணக்கு, காட்டாமணக்கு விதைகள் நஞ்சு. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

காணியைக் காப்போம்

இந்தியாவில் 2003ஆம் ஆண்டு திட்டக்குழு காட்டாமணக்குப் பயிரிடும் பெருந்திட்டம் ஒன்றைப் பரிந்துரைத்தது. தரிசு நிலத்திலும் செழித்து வளரும் என்றார்கள். நீரும் பசளையும் இல்லாத இடத்தில் விளைச்சல் குறைந்தது; எதிர்பார்த்த இலக்கு எட்டப்படவில்லை. நட்டத்தைச் சுமந்தவர்களுள் உழவர்களும் இருந்தார்கள். மீண்டு கிடைக்கும் காணியில் முதலில் உணவு விளையட்டும். எரிபொருட் பயிருக்கென ஒப்பந்தத் தாளை நீட்டுபவரிடம், விளைச்சல் பொய்த்தால் நட்டம் யாருடையது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறாமற் கையொப்பம் இடாதீர்கள்.

இன்று செய்யக்கூடியவை

வேலியிலும் வீதியோரத்திலும் ஏற்கெனவே நிற்கும் மரங்களின் விதைகளைப் பொறுக்குவோம். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான சாக்கில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. பல குடும்பங்கள் சேர்த்தால் செக்கில் ஆட்டும் அளவு தேறும். இலுப்பெண்ணெய் விளக்கெரிக்க உதவும். தடித்த எண்ணெயாதலால் ஜாம் போத்தல் விளக்கின் மெல்லிய திரியில் ஏறாது. அகல் விளக்கே பொருத்தம். வேப்பம் பிண்ணாக்கை எரிக்காமல் தோட்டத்துக்குப் பசளையாக இடுங்கள். விதைக்கோதையும் சிரட்டையையும் கரியாக்கி, நொறுக்கி, கூட்டெருவுடன் கலந்து இட்டால் மணற்பாங்கான நிலம் ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும்.

இறைக்கும் நீர் குறைந்தால் எரிபொருட் செலவும் குறையும். அந்தச் சேமிப்பைப் பெற எந்த உலையும் தேவையில்லை.