நிக்கோடெமஸ்: பெயரற்ற பட்டியலிலிருந்து ஒரு வம்சாவளி

வம்சாவளி என்றதும் சிறுபத்திரிகைக்காரர்கள் நாம் ஃபூக்கோவைத்தான் இழுத்துக்கொண்டு வருகிறோம். நீட்சேயை முன்வைத்து 1971இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, வம்சாவளி என்பது மூலத்தைத் தேடுவதல்ல, மூலம் என்று ஒன்று உண்டு என்பதையே சந்தேகிப்பது என்றாகிவிட்டது. சரிதான். ஆனால் சந்தேகிக்கிற வசதியும் எல்லோருக்கும் ஒரேபோல வாய்ப்பதில்லை. பாட்டன் பேர் ஏட்டில் இருக்கிறவன் அந்த ஏட்டைச் சந்தேகிக்கலாம். ஏட்டிலேயே ஏறாதவன் எதைப் போய்ச் சந்தேகிப்பான்?

அமெரிக்காவில் 'முன்னோடிக் குடும்பம்' என்பது ஒரு கௌரவப் பட்டம். புரட்சிப் போரில் பங்கெடுத்தவர்களின் வழிவந்த பெண்களுக்கு 1890இலும், மேஃப்ளவர் கப்பலில் வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்களுக்கு 1897இலும் சங்கங்கள் அமைந்தன. புதிய குடியேறிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த காலம் அது என்பதைக் கவனிக்க வேண்டும். யார் முதலில் வந்தது என்ற கேள்வி, பின்னால் வந்தவர்களைப் பார்த்துக் கேட்கப்பட்டது. சேர வேண்டுமானால் தலைமுறை தலைமுறையாகப் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றுகளைக் காட்ட வேண்டும். அதாவது சர்ச்சுப் பதிவேடும் உயிலும் நிலப்பத்திரமும் உள்ளவனுக்கே வம்சம். இந்தக் கதையாடலுக்குள் ஒட்டாமல் நிற்கும் ஒரு முன்னோடி ஊர் கன்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. பெயர் நிக்கோடெமஸ்.

1877இல் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பர்கள் உண்டாக்கிய ஊர் இது. டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளை நிலத்தரகரும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்புப் போதகரும் சேர்ந்து கம்பெனி தொடங்கி, துண்டுப் பிரசுரம் போட்டு ஆள் சேர்த்தார்கள். 1862ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்கும், ஐந்து வருஷம் இருந்து பயிரிட்டால் சொந்தம். அந்தச் செப்டம்பரில் சுமார் 300 பேர் எல்லிஸ் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நடந்தே சாலமன் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண் பின்னாளில் சொன்ன நினைவு பிரசித்தம். ஊர் எங்கே என்று கேட்டிருக்கிறாள். தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினார்களாம். மரமில்லாத சமவெளியில் மண்ணைக் குடைந்து அதற்குள்தான் ஜனங்கள் குடியிருந்தார்கள். அவள் அழுதுவிட்டாள்.

தங்கியவர்கள் தங்கினார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், ஓட்டல், கடைகள் எல்லாம் வந்தன. இங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு ரயில் கழுத்தறுத்தது. 1888இல் பாதை ஆற்றுக்குத் தெற்கே போடப்பட, கடைகளெல்லாம் அந்தப் பக்கம் போக் என்ற புது ஊருக்கு மாறின. 1953இல் தபாலாபீஸும் மூடிற்று. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 14.

ஆனால் வருஷாவருஷம் ஜூலை கடைசி வாரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் பல மாநிலங்களிலிருந்து இந்த 14 பேர் ஊருக்கு வருகிறார்கள். ஊர்வலம், வழிபாடு, கூட்டுச் சாப்பாடு. 1878 முதல் நடப்பதாகச் சொல்லப்படும் இந்தக் கூடுகைக்கு மூலத் தேதி ஆகஸ்ட் 1. இது ஊர் பிறந்த நாளல்ல. அமெரிக்க அடிமைமுறை ஒழிந்த நாளுமல்ல. 1834 ஆகஸ்ட் 1இல் மேற்கிந்தியத் தீவுகளில் பிரிட்டிஷ் அரசு அடிமைகளை விடுவித்ததன் நினைவு. ஏன் அடுத்தவன் விடுதலையை இரவல் வாங்கிக் கொண்டாட வேண்டும்? தங்களுக்கு விடுதலை கிடைப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே அமெரிக்கக் கறுப்பர்கள் இந்த நாளைக் கொண்டாடி வந்தார்கள். கென்டக்கி விஷயம் இன்னும் மோசம். அது பிரிவினைப் போரில் சேராத மாநிலம் என்பதால் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அதற்குச் செல்லவில்லை. 1865 டிசம்பரில் பதின்மூன்றாம் திருத்தம் வந்த பிறகே அங்கே விடுதலை. அந்தத் திருத்தத்தைக் கென்டக்கி சட்டமன்றம் ஏற்றது எப்போது தெரியுமா? 1976இல்! அதே 1976இல்தான் நிக்கோடெமஸ் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' வெளிவந்ததும் அவ்வருஷமே. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

கூடுகைக்கு வருகிறவர்கள் குடும்பப் படம் வரைய உட்கார்ந்தால் 1870இல் போய் முட்டிக்கொள்வார்கள். விடுதலையானவர்கள் எல்லோரையும் பெயரோடு பதிந்த முதல் கணக்கெடுப்பு அது. அதற்கு முந்தைய 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளன் பெயர் இருக்கும்; அதன்கீழ் வயது, பால், நிறம். 34, பெண், கறுப்பு. அவ்வளவுதான். அவள் யாருக்கு அம்மா என்று பட்டியலுக்குக் கவலையில்லை. ஆர்லாண்டோ பேட்டர்சன் 1982இல் எழுதிய நூலில், அடிமையைப் பிறப்புறவுகளிலிருந்தே அந்நியமாக்குவதுதான் அடிமைமுறையின் சாரம் என்று வாதிடுவது இந்த வெற்றுக் கட்டங்களைப் பார்த்தால் உறைக்கும். ஆகவே தன் முன்னோரைத் தேடுகிறவன் முதலில் எஜமானன் குடும்பத்து உயிலையும் கடன் பத்திரத்தையும் தேட வேண்டியிருக்கிறது. தன் வம்சத்துக்கு வழி, தன்னைச் சொத்தாக வைத்திருந்தவனின் வம்சத்துக்குள்ளே போகிறது.

இன்னொரு வழியும் உண்டு. விடுதலையானவர்களுக்காக 1865இல் தொடங்கி 1874இல் திவாலான சேமிப்பு வங்கி. மக்கள் பணம் போயிற்று, பேரேடு தங்கிற்று. கணக்குத் தொடங்கியவர்களிடம் அப்பா, அம்மா, உடன்பிறந்தார், சில படிவங்களில் பழைய எஜமானன் பேரும் கேட்டு எழுதியிருந்தார்கள். அதிலிருந்து சுமார் 4,80,000 பெயர்களை வரிசைப்படுத்தி 2001இல் வெளியிட்டார்கள். பல வருஷம் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தவர்கள் யூட்டா மாநிலச் சிறைக் கைதிகள்.

மேஃப்ளவர் வழியினரின் கூட்டம் அறாத தொடர்ச்சியைக் கொண்டாடுவது. இங்கே 'மீண்டும் கூடுதல்' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் உண்டு. விற்கப்பட்டுப் பிரிந்த அம்மாவை, தம்பியைத் தேடி உள்நாட்டுப் போருக்குப்பின் கறுப்பர் பத்திரிகைகளில் பல பத்தாண்டுகள் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. கூடுகையைப் பழம்பெருமை என்று ஒதுக்குகிறவர்கள் அந்த விளம்பரங்களையும் சேர்த்துப் படிக்கட்டும்.

இதற்காக 'முன்னோடி' என்ற சொல்லைச் சும்மா விட்டுவிட முடியாது. இந்த நிலம் ஷையென், அரபாஹோ மக்கள் புழங்கிய பரப்புக்குள் வருவது. 1867 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அது 'காலி' ஆயிற்று. முதல் விடுதலை விழா நடந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆகஸ்ட் கழிந்து அடுத்த மாதமே, தெற்கே ஒதுக்கிடத்தில் அடைக்கப்பட்டிருந்த வடக்கு ஷையென்கள் முன்னூற்றுச் சொச்சம் பேர் தப்பிக் கிளம்பி, மேற்குக் கன்சாஸ் வழியாகத் தங்கள் ஊரைப் பார்க்க நடந்தார்கள். ராணுவம் துரத்திற்று. இரண்டு தரப்பாரும் வீடு தேடி அலைந்த வருஷம் ஒன்றே.

நிக்கோடெமஸ்காரர்கள் இதை முழுசாக மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. முதல் குளிர்காலத்தில் பட்டினியிலிருந்து தங்களைக் காப்பாற்றியது, வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் மக்கள் பகிர்ந்து கொடுத்த உணவுதான் என்று வாய்மொழியாகச் சொல்லிவருகிறார்கள். குடும்பப் படத்தில் அந்த வேட்டைக்காரர்களுக்குக் கட்டம் இல்லை. கதையில் மட்டும் வந்துபோகிறார்கள்.