சைனாவேர்

என் தாயார் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவர். 'பீங்கான்' என்பதற்கு அகராதியில் 'சைனாவேர்' என்று கண்டதும் என் மனம் சுருங்கியது. நம் ஊர்ப் பொருளுக்குச் சீனத்தின் பெயரா?

'சைனா' நாட்டின் பெயர். 'வேர்' நம் மரத்து வேர் அன்று, விற்பனைச் சரக்கு. 17ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த சீனப் பாண்டங்களை ஆங்கிலேயர் அவ்வாறு அழைத்தனர். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலேயே செய்யத் தொடங்கிய பின்னும் பெயர் மாறவில்லை. சீனத்துக் காவோலிங் என்னும் ஊரின் பெயரே வெண்களிமண்ணுக்குக் 'கயோலின்' என்றாயிற்று. நம் 'பீங்கா'னும் கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்ததே.

ஆகவே சொல் வந்த வழி வேறு, பொருள் பிறக்கும் இடம் வேறு. சைனாவேர் என்னும் சொல் சரக்கைச் சொல்லும். செய்த கையைச் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.