ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடுமா? உங்கள் காருக்கு எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

காரை சர்வீஸுக்கு விட்ட அன்று மதியம் பெரும்பாலானோருக்கு இப்படி ஒரு போன் வரும். "சார், ஏர் ஃபில்டர் ரொம்ப அழுக்கா இருக்கு, மாத்திடலாமா?" மீட்டிங்கில் இருப்பவர் 'சரி' என்று சொல்லிவிட்டு போனை வைப்பார். மாலையில் பில்லில் ஒரு வரி கூடியிருக்கும்.

இன்னொரு பக்கம், "இந்த ஃபில்டரைப் போடுங்க, பிக்கப் வேற லெவல்ல இருக்கும்" என்று ரீல்ஸ் வருகிறது. ஆன்லைனில் தேடினால் ஒரே காருக்கு சில நூறு ரூபாயில் இருந்து பல ஆயிரம் ரூபாய் வரை ஃபில்டர்கள் கிடைக்கின்றன. இதில் எதை நம்புவது? முதலில், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறது?

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. அப்படிப் பார்த்தால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு கிட்டத்தட்ட 9,000 லிட்டர் காற்று. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் கணக்கில் சொன்னால் 450 கேன்!

அந்தக் காற்றோடு சாலைத் தூசும் சேர்ந்தே உள்ளே போகிறது. தூசில் இருக்கும் நுண்மணல் இன்ஜினுக்குப் பெரிய எதிரி. சிலிண்டருக்குள் போய் ஆயிலோடு கலந்தால், அது உப்புத்தாள் மாதிரி பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்க ஆரம்பிக்கும். பிறகு ஆயில் குறையும், நீலப் புகை வரும், இழுவை போகும். டர்போ இன்ஜின் என்றால் சிலிண்டருக்கு முன்னால் டர்போவின் இறக்கைகளில்தான் அடி விழும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் பாகம் அது.

ஆக, ஃபில்டரின் முதல் வேலை தூசைத் தடுப்பது. பவரைக் கூட்டுவது அல்ல.

புதிய ஃபில்டர் போட்டால் மைலேஜ் கூடுமா?

இதை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்துப் பார்த்தது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள நவீன கார்களில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றினாலும் மைலேஜில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால், ஆக்ஸிலரேஷன் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது.

காரணம் எளிது. பெட்ரோல் காரில் காற்றைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில் வால்வு. டிராஃபிக்கில் போகும்போது அது பாதிகூடத் திறந்திருக்காது. ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருந்தால் த்ராட்டில் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும், அவ்வளவுதான். எவ்வளவு காற்று வருகிறது என்று சென்சார் பார்த்து, அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் கம்ப்யூட்டர் அனுப்புகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போதுதான் ஃபில்டரின் தடை தெரியும்.

'ஃபில்டர் மாத்துனா மைலேஜ் வரும்' என்பது கார்புரேட்டர் காலத்து அறிவுரை. பழைய மாருதி 800 வைத்திருந்தவர்களுக்கு அதில் உண்மை இருந்தது. இன்றைய காருக்குப் பொருந்தாது.

கடையில் என்னென்ன வகை கிடைக்கும்?

* பேப்பர் ஃபில்டர்: பெரும்பாலான கார்களில் கம்பெனியிலேயே வருவது. மடிப்பு மடிப்பாக இருக்கும். நுண்தூசை நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. கழுவ முடியாது, அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான்.

* ஆயில் பூசிய காட்டன் ஃபில்டர்: கே அண்ட் என் போன்ற நிறுவனங்களால் பிரபலமானது. காற்று எளிதாகப் போகும், கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால், கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து, சரியான அளவு ஆயில் பூச வேண்டும். குறைந்தால் தூசு உள்ளே போகும். அதிகமானால், காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப் சென்சாரில் ஆயில் படிந்து தவறான ரீடிங் வரலாம். அந்த சென்சாரின் விலைக்குப் பல பேப்பர் ஃபில்டர் வாங்கலாம்.

* சிந்தெடிக் டிரை ஃபில்டர்: ஆயில் தேவையில்லை என்பதால் சென்சார் பயம் இல்லை. விலை பேப்பரைவிட அதிகம். தரம் பிராண்டுக்கு பிராண்டு மாறும்.

* ஓப்பன் கோன் ஃபில்டர்: ஏர் பாக்ஸையே கழற்றிவிட்டு பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டுவது. சத்தம் கூடுவதால் பவர் கூடியது போலத் தோன்றும். உண்மையில் அது இழுப்பது இன்ஜின் பக்கத்தில் இருக்கும் சூடான காற்றை. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். சென்னை மே மாத வெயிலில், சிக்னலில் நின்றால் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

'அதிக காற்று' என்றால் நல்லதுதானே?

இங்கேதான் விளம்பரம் சொல்லாத விஷயம் இருக்கிறது. ஃபில்டரை மூன்று விதத்தில் அளக்கலாம்: எவ்வளவு தூசைத் தடுக்கிறது, எவ்வளவு தூசைத் தாங்குகிறது, காற்றுக்கு எவ்வளவு தடையாக இருக்கிறது. இவற்றைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ 5011 என்ற சர்வதேச தரநிலை உண்டு. ஒரே அளவிலான ஃபில்டரில் காற்றுக்கான வழியைப் பெரிதாக்கினால், பொதுவாக நுண்தூசுக்கும் வழி கிடைத்துவிடும். மூன்றும் ஒருசேர உச்சத்தில் கிடைக்காது.

1.2 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்-ல் அதிகபட்சம் நிமிடத்துக்கு 3,600 லிட்டர் காற்றை இழுக்கும். கம்பெனி ஃபில்டர் இந்த உச்சத் தேவையையும் கணக்கில் வைத்துத்தான் வடிவமைக்கப்படுகிறது. ஓ.எம்.ஆரில் 2,000 ஆர்.பி.எம்-ல் ஊர்ந்து போகிறவருக்கு, கூடுதல் காற்று தரும் ஃபில்டரால் பெரிய லாபம் இல்லை. ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களின் கணக்கு வேறு. அவர்கள் இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பவர்கள்.

அப்போ ஆஃப்டர்மார்க்கெட்டே வேண்டாமா?

அப்படியும் இல்லை. கார் கம்பெனிகள் பெரும்பாலும் ஃபில்டரைத் தாங்களே தயாரிப்பதில்லை. சப்ளையர்களிடம் வாங்கி, தங்கள் பெயர் போட்ட பெட்டியில் விற்கின்றன. மான் ப்ளஸ் ஹம்மல், மாலே போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் சப்ளை செய்கின்றன, சொந்த பிராண்டிலும் விற்கின்றன. இப்படி அறியப்பட்ட தயாரிப்பாளரின் பேப்பர் ஃபில்டர், தரத்தில் சமரசம் இல்லாமல் விலை குறைவாகக் கிடைக்க வாய்ப்புண்டு.

பிரச்சினை, பெயர் தெரியாத 'லோக்கல்' சரக்கிலும், பிராண்ட் பெயரில் வரும் டூப்ளிகேட்டிலும்தான். சென்னை ஜி.பி. ரோடாக இருந்தாலும் ஆன்லைனாக இருந்தாலும், வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

* காரின் மாடல், வருடம், இன்ஜின் வகை மூன்றையும் சொல்லி பார்ட் நம்பரைச் சரிபார்க்க வேண்டும். ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஃபில்டர் வேறாக இருக்கலாம்.
* பழைய ஃபில்டரோடு வைத்துப் பார்த்தால் நீளம், அகலம், உயரம் ஒத்துப்போக வேண்டும். மடிப்புகள் குறைவாக இருந்தால் தூசு தாங்கும் அளவும் குறையும்.
* ஓரத்தில் உள்ள ரப்பர் சீல் மென்மையாக, எங்கும் பிளவில்லாமல் இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல பேப்பராக இருந்தாலும் ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும்.
* ஏசிக்கான கேபின் ஃபில்டர் வேறு, இன்ஜின் ஏர் ஃபில்டர் வேறு. ஆர்டர் போடும்போது குழம்ப வேண்டாம்.
* பில் அவசியம். காருக்கு வாரன்டி இருந்தால், மாற்று பாகங்கள் பற்றி வாரன்டி புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

மாட்டிய பிறகும் ஒரு சோதனை உண்டு. சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் ஏர் பாக்ஸைத் திறந்து, ஃபில்டருக்குப் பின்னால், இன்ஜினுக்குப் போகும் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். தூசு ஒட்டினால் ஃபில்டர் சரியில்லை, அல்லது சரியாக உட்காரவில்லை.

அழுக்கா தெரிஞ்சா உடனே மாத்தணுமா?

தேவையில்லை. புத்தம் புது பேப்பர் ஃபில்டரைவிட, கொஞ்சம் தூசு படிந்த ஃபில்டர் நுண்தூசை இன்னும் நன்றாகப் பிடிக்கும். படிந்த தூசே கூடுதல் வடிகட்டியாக வேலை செய்வதுதான் காரணம். எனவே நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மேனுவலில் உள்ள கி.மீ. கணக்கைப் பாருங்கள். கட்டுமானம் நடக்கும் பகுதி, மண் சாலை என்றால் அதைவிட முன்னதாக மாற்றுவது நல்லது.

பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது. ஏர் கன்னால் ஊதுவதும் மேனுவல் அனுமதித்தால் மட்டும்தான். அதுவும் சுத்தமான பக்கத்தில் இருந்து வெளிநோக்கி, குறைந்த அழுத்தத்தில். அதிக அழுத்தத்தில் பக்கத்தில் வைத்து அடித்தால் பேப்பர் கிழியும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தூசுக்கு வழி தெரியும்.

மழைக்கும் ஃபில்டருக்கும் என்ன சம்பந்தம்?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். கம்பெனி ஏர் பாக்ஸின் வாய் பெரும்பாலும் உயரமான இடத்தில் இருக்கும். காற்று குளிர்ச்சியாக வர வேண்டும் என்று ஃபில்டரை பம்பர் அருகே தாழ்வாகப் பொருத்தும் கிட்டுகளும் உண்டு. தேங்கிய நீரில் இறங்கினால் அவை காற்றோடு தண்ணீரையும் இழுக்கலாம். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளையும். இதுதான் 'ஹைட்ரோலாக்'. இன்ஜின் புரொடெக்ட் கவர் எடுக்காத பாலிசிகளில் இதற்கு க்ளெய்ம் கிடைப்பது கடினம்.

சரி, எதை வாங்கலாம்?

தினசரி ஆபீஸ் போய்வரும் காருக்கு, சரியான பார்ட் நம்பர் உள்ள நல்ல பேப்பர் ஃபில்டர் போதும். கழுவிப் பயன்படுத்தும் வகைதான் வேண்டும் என்றால், ஏர் பாக்ஸுக்குள் அப்படியே உட்காரும் மாடலை எடுத்து, பராமரிப்பை நீங்களே முறையாகச் செய்ய வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

அடுத்த முறை சர்வீஸ் சென்டரில் இருந்து போன் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியா எத்தனை கிலோமீட்டர்ல மாத்துனது?" மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்பது அந்தப் பதிலிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.