மலிவு டிக்கெட்டின் மீதி விலையை யார் கொடுக்கிறார்கள்?

சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் இருவரைக் கனடாவில் இருக்கும் மகளிடம் அனுப்பி வைத்தோம். வாப்பாவுக்கு வயது 68, உம்மாவுக்கு 63. மகளுக்குப் பிரசவ நேரம். சென்னையிலிருந்து டொரான்டோ போய் வர இரண்டு டிக்கெட்டுகள் எங்கள் முன்னால் இருந்தன. ஒன்று, வளைகுடா நகர் ஒன்றில் மட்டும் விமானம் மாறி 21 மணி நேரத்தில் சேர்வது. இன்னொன்று, இரண்டு இடங்களில் மாறி, அதில் ஒரு விமான நிலையத்தில் இரவு முழுக்கக் காத்திருந்து, 34 மணி நேரத்தில் சேர்வது. இரண்டாவது டிக்கெட்டில் ஆளுக்கு 14,000 ரூபாய் குறைவு. இருவருக்கும் சேர்த்து 28,000 மிச்சம். யோசிக்காமல் அதைப் போட்டோம்.

சேர்ந்ததும் போன் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியா வந்து சேர்ந்துட்டோம்" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். வாப்பாவின் கால் வீங்கி இரண்டு நாள் செருப்பு நுழையவில்லை என்பதும், ஹலால் உணவா என்று தெரியாததால் உம்மா இரண்டு விமானங்களில் ரொட்டியும் பழமும் மட்டுமே சாப்பிட்டார் என்பதும் மாதங்கள் கழித்து மகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான். நம் குடும்பங்களில் பெரும்பாலும் டிக்கெட் போடுபவர் ஒருவர், பயணம் செய்பவர் வேறொருவர். விலையைப் பார்ப்பது மகன், 34 மணி நேரம் உட்கார்ந்திருப்பது வாப்பா. மலிவு டிக்கெட் எல்லாமே தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வீண் செலவு செய்யச் சொல்லவும் இல்லை. மிச்சமாகும் பணம் எவ்வளவு, அதற்கு ஈடாக யார் எதைக் கொடுக்கிறார்கள் என்பதைக் கணக்குப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள் என்கிறோம்.

திரையில் தெரியும் விலை முழு விலை அல்ல

பயணம் முடிந்த பின் நாங்கள் போட்ட கணக்கு இது. மலிவு டிக்கெட்டில் ஆளுக்கு ஒரு பெட்டிக்கு மட்டுமே அனுமதி. மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் கொண்டு போன பொருட்களுக்காக, போக வர கூடுதல் பெட்டிக்கு 12,000 ரூபாய் கட்டினோம். இருவரும் அருகருகே உட்கார 2,000. காத்திருந்த விமான நிலையங்களில் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஏறத்தாழ 5,000. ஆக, 28,000 ரூபாய் மிச்சத்தில் 19,000 போய்விட்டது. கையில் நின்றது 9,000.

இப்போது நேரத்தைப் பாருங்கள். ஒரு வழிக்கு 13 மணி நேரம் கூடுதல். போக வர 26. இருவருக்கும் சேர்த்து 52 மணி நேரம். 9,000 ரூபாயை 52 ஆல் வகுத்தால் மணிக்கு 175 ரூபாய்கூட வரவில்லை. "ஒரு மணி நேரத்துக்கு 175 ரூபாய் தருகிறேன், இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருங்கள்" என்று நம் வாப்பாவிடம் யாராவது நேரில் வந்து கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

ஆகவே இரண்டு டிக்கெட்டுகளை ஒப்பிடும்போது முதலில் இவற்றையெல்லாம் விலையோடு சேர்த்துக் கூட்டுங்கள்: பெட்டிக்கான கட்டணம், இருக்கைத் தேர்வுக் கட்டணம், உணவு, தேதி மாற்றும் கட்டணம், நள்ளிரவில் போய் இறங்கினால் டாக்சிச் செலவு. அடிமட்டக் கட்டணத்தில் வாங்கும் டிக்கெட்டுகள் பலவற்றில் தேதியை மாற்ற முடியாது, அல்லது மாற்றினால் பெரும் தொகை பிடிப்பார்கள். விசா தாமதமாகலாம், உடல்நிலை மாறலாம் என்ற நிலையில் இருப்பவருக்கு, தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட் சற்று விலை கூடினாலும் அதுவே லாபம்.

நம் ஊர்களுக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. கீழக்கரையிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ புறப்படுபவருக்குச் சென்னை வந்து சேர்வதே ஓர் இரவுப் பயணம். திருச்சி, மதுரை, திருவனந்தபுரம் ஆகிய இடங்களிலிருந்து வளைகுடா வழியாகப் போக முடியுமா என்று பாருங்கள். டிக்கெட் சில ஆயிரம் கூடுதலாக இருந்தாலும், வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் அதுவே குறைவாக முடியலாம்.

எக்கானமி எல்லாம் ஒன்றல்ல

எக்கானமி வகுப்பு என்றால் எல்லா விமானத்திலும் ஒரே இருக்கைதான் என்று பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. ஓர் இருக்கைக்கும் அதன் முன் இருக்கைக்கும் உள்ள தூரத்தை 'சீட் பிட்ச்' என்பார்கள். நெடுந்தூர விமானங்களில் இது பொதுவாக 31 அல்லது 32 அங்குலம். குறைந்த கட்டண நிறுவனங்களின் சிறிய விமானங்களில் 28, 29 அங்குலமாகக்கூட இருக்கும். மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். முழங்கால் முன் இருக்கையில் இடித்துக்கொண்டே ஆறு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அந்த மூன்று அங்குலத்தின் அருமை தெரியும்.

அகலத்திலும் வித்தியாசம் உண்டு. போயிங் 777 விமானத்தில் முன்பு ஒரு வரிசைக்கு 9 இருக்கைகள் போடுவதே வழக்கம். இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் 3-4-3 என்று 10 போடுகின்றன. அதனால் ஓர் இருக்கையின் அகலம் ஏறத்தாழ 17 அங்குலம். ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 3-3-3 என்று அமைத்தால் ஏறத்தாழ 18 அங்குலம் கிடைக்கும். ஏர்பஸ் ஏ330 விமானத்தில் பொதுவாக 2-4-2 அமைப்பு. சன்னலோரம் இரண்டே இருக்கைகள். வயதான கணவன் மனைவிக்கு இதைவிட வசதி வேறில்லை. எழுந்து கழிவறைக்குப் போக மூன்றாவது ஆளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. உம்மாவின் பக்கத்தில் அறிமுகமில்லாதவர் வந்து அமர்வாரோ என்ற சங்கடமும் இல்லை.

எந்த வகை விமானம் என்பது டிக்கெட் போடும் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்கக் காசு செலவில்லை. கடைசி நேரத்தில் விமானம் மாற வாய்ப்புண்டு என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடல் என்ன படுகிறது?

விமானம் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது 6,000 அடி அளவில் வைக்கப்படுகிறது. காற்றில் ஈரப்பதமும் மிகக் குறைவு, பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தொண்டை வறள்வதும் தலை வலிப்பதும் இதனால்தான்.

இதைவிட முக்கியமானது, அசையாமல் உட்கார்ந்திருப்பது. கால் நரம்பில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. 4 மணி நேரமும் அதற்கு மேலும் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பயந்துவிட வேண்டாம். ஆரோக்கியமானவருக்கு அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடியதுதான். ஆனால் முன்பே ரத்தக்கட்டு வந்தவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர், கர்ப்பிணி, உடல் பருமன் உள்ளவர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். இவர்கள் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுவதும், இறுக்கமான உடையைத் தவிர்ப்பதும், தண்ணீர் குடிப்பதும் போதும்.

நம் பெண்களில் பலர் கழிவறைக்கு எழ வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். இதற்கு மருந்து நடைபாதை ஓர இருக்கை. அதற்கு 1,500 ரூபாய் கேட்டால் கொடுத்துவிடலாம்.

நேராகவா, மாறியா?

நேராகப் போகும் விமானம்தான் எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது. 14 மணி நேரம் ஒரே இருக்கையில் இருப்பதைவிட, நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் இறங்கி நடந்து, ஒளூ செய்து, வளைகுடா விமான நிலையங்களில் இருக்கும் தொழுகை அறையில் நிம்மதியாகத் தொழுதுவிட்டு ஏறுவது பலருக்குச் சுகமாக இருக்கும். காத்திருப்பு 2 முதல் 4 மணி நேரம் என்றால் அது ஓய்வு. 8 மணி நேரத்தைத் தாண்டினால் அது தண்டனை. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவென்றால், சக்கர நாற்காலியில் போகும் பெரியவர்களுக்குப் பதற்றம்.

காத்திருப்பு நீளமாக இருந்தால் தங்கும் அறை தருவார்களா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் சில வகை டிக்கெட்டுகளுக்கு இலவசமாகத் தருகின்றன. ஆனால் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பயணங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கின்றனவா, அல்லது தனித்தனி டிக்கெட்டா? ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் வேறு விமானத்தில் அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊரில்தான் கைக்கு வரும். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. போன பணம் போனதுதான். பல நேரங்களில் நடுவில் வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே இந்தியர்களிடம் டிரான்சிட் விசா கேட்கும் நாடுகளும் உண்டு. ஆங்கிலம் பேசத் தயங்கும் பெரியவர்களைத் தனித்தனி டிக்கெட்டில் அனுப்பவே கூடாது என்பது எங்கள் கருத்து.

உம்ராவுக்குச் செல்பவர்கள்

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு நேராகப் போனால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். விலையைக் குறைக்க, வேறு ஊர் வழியாகச் சுற்றிப் போகும் குழுக்களும் உள்ளன. அதில் தவறில்லை. ஆனால் பணம் கட்டும் முன் ஏஜென்சியிடம் கேளுங்கள்: நேர் விமானமா, எங்கே எத்தனை மணி நேரம் காத்திருப்பு, விமானத்தில் உணவு உண்டா, எத்தனை கிலோ, ஜம்ஜம் தண்ணீருக்குத் தனி அனுமதி உண்டா. கடைசிக் கேள்விக்கான பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

வழியில் விமானம் மாறுபவர்கள் இஹ்ராம் துணியைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் வைத்து ஒப்படைத்துவிட்டால் மீகாத் எல்லை வருவதற்குள் அதை எடுக்க வழியில்லை. ஊரிலிருந்தே இஹ்ராம் உடையில் புறப்பட்டு, குளிரூட்டிய விமான நிலையத்தில் இரவெல்லாம் காத்திருப்பது வயதானவர்களுக்குச் சிரமம். உம்ராவின் பெரும்பகுதி நடைதான். தவாஃபும் ஸஃயும் செய்ய வேண்டிய கால்களை வழியிலேயே களைப்படையச் செய்து என்ன மிச்சப்படுத்துகிறோம்?

காசு செலவில்லாத வசதிகள்

சில வசதிகளுக்குப் பணமே வேண்டாம், சொல்லி வைத்தால் போதும். முழுச் சேவை நிறுவனங்களில் முஸ்லிம் உணவைக் கூடுதல் கட்டணமின்றிப் பதியலாம். அதற்கான குறியீடு எம்.ஓ.எம்.எல். சர்க்கரை நோயாளிக்கான உணவுக்கு டி.பி.எம்.எல். பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பே பதிந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டதால்தான் எங்கள் உம்மா பட்டினி கிடந்தார். சக்கர நாற்காலியும் இலவசம்தான். நடக்க முடிந்தவர்கூட, நீண்ட தூரம் நடக்க முடியாது என்றால் கேட்கலாம். கைக்குழந்தையோடு போகும் தாய் தொட்டில் வசதியுள்ள முன்வரிசை இருக்கையைக் கேட்க வேண்டும். அவை சிலவே இருப்பதால் டிக்கெட் போட்ட அன்றே கேட்பது நல்லது.

எங்கே சேமிக்கலாம்?

முதல் செமஸ்டருக்குப் போகும் 20 வயது மாணவன் 10 மணி நேரம் காத்திருந்தாலும் ஒரு தூக்கத்தில் சரியாகிவிடுவான். அவனுக்கு 14,000 ரூபாய் என்பது பெரிய உதவி. தனியாக, சிறிய பையோடு, வேலைக்குத் திரும்பும் இளைஞருக்கும் மலிவு டிக்கெட் போதும். அவர்கள் தாங்களே பார்த்து, தாங்களே முடிவு செய்கிறார்கள். சிரமமும் சேமிப்பும் ஒரே ஆளுக்குத்தான்.

பெற்றோருக்கும், கர்ப்பிணிக்கும், குழந்தையோடு தனியாகப் போகும் பெண்ணுக்கும் டிக்கெட் போடும்போது அப்படியல்ல. அப்போது விலை வரிசையில் தேடுவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள். "எது மலிவு" என்று அவர்களிடம் கேட்காதீர்கள். மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று மலிவானதையே சொல்வார்கள். "எத்தனை மணி நேரம் உட்கார முடியும், இரவில் எத்தனை முறை எழுவீர்கள், கால் வீங்குமா" என்று கேளுங்கள்.

உம்மாவும் வாப்பாவும் அடுத்த ஆண்டு மறுபடி பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறார்கள், இன்ஷா அல்லாஹ். இந்த முறை ஒரே இடத்தில் மாறும் டிக்கெட், நடைபாதை ஓர இருக்கை, முஸ்லிம் உணவு. விலையைச் சொன்னதும் "எதுக்கு இவ்வளவு காசு, போன தடவை நல்லாத்தானே போனோம்" என்றார் வாப்பா. அந்தக் கால் வீக்கம் எங்களுக்குத் தெரியும் என்று நாங்கள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.