தாழ்மை யாருக்கு?

தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்துச் சபைகள் பலவற்றில் ஞாயிறு ஆராதனை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பாவ அறிக்கை வந்துவிடுகிறது. முதலாளியும் கூலியும் ஒரே வாசகத்தைச் சொல்கிறார்கள்; தங்களைத் தாழ்த்துவதாக ஜெபிக்கிறார்கள். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இடறுவது இந்த வினைச்சொல்தான். தாழ்மை, தாழ்ந்த சாதி, தாழ்த்தப்பட்டோர் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று. ஊரே தாழ்த்தி வைத்திருக்கிற ஒருவர் இன்னும் எங்கே போய்த் தன்னைத் தாழ்த்திக்கொள்வது?

தாழ்மைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் உவமை லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பரிசேயன் தன் நோன்பையும் தசமபாகத்தையும் பட்டியல் போடுகிறான்; ஆயக்காரன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொள்கிறான். பிரசங்கங்களில் இவன் ஏதோ பரம ஏழை மாதிரி ஆகிவிடுகிறான். உண்மையில் ரோம ஆட்சிக்காக ஜனங்களிடம் வரி பிடுங்கிய கூட்டத்தைச் சேர்ந்தவன். பறித்த கை கீழே இறங்குவதுதான் அங்கே தாழ்மை. 19ஆம் அதிகாரத்தில் இன்னொரு ஆயக்காரன், சகேயு, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான். மனந்திரும்புதல் கணக்குத் தீர்ப்பதில் போய் முடிகிறது.

அதே 18ஆம் அதிகாரம் தொடங்குவது வேறொரு ஜெபத்தோடு: அநீதியுள்ள நீதிபதியை விடாமல் நச்சரிக்கும் விதவை. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நியாயம் கேட்கிறாள். இரண்டு தன்னிலைகள், இரண்டு ஜெபங்கள். எல்லாரையும் ஒரே மாதிரிப் பாவியாக்கும் சொல்லாடல், விதவையின் வாயில் ஆயக்காரனின் ஜெபத்தைத் திணிக்கிறது.

கடவுள் முன் எல்லாரும் பாவிகள் என்பது சமத்துவம்தானே என்பார்கள். கடவுள் முன் சரி. பக்கத்தில் நிற்பவர் முன்? தெற்கே வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் வேளாளரையும் நாடார் முதலான பிற சாதியாரையும் ஒரு சுவர் பிரித்தது. சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தது ஒரே மனஸ்தாப மந்திரம். அதைச் சொல்லிச் சொல்லிச் சுவர் விழவில்லை. 1910இல் இடிக்கவேண்டி வந்தது. வேளாளர் தரப்பு மனந்திரும்பவில்லை, நீதிமன்றம் போனது. திருச்சபைக்குள் தலித்துகள் ஒதுக்கப்படுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை ஒரு கொள்கை ஆவணமாகவே ஒப்புக்கொண்டது 2016இல்.

பாவ அறிக்கையை விட்டுவிடச் சொல்லவில்லை. யார், யாரிடம், எதைத் திருப்பித் தருவதற்காக அறிக்கையிடுகிறார் என்று கேட்போம். கல்லறையிலும் கமிட்டியிலும் இடம் கேட்கும் தலித்தைப் பார்த்து ‘உனக்குத் தாழ்மை இல்லை’ என்று சொல்வது, விதவையை வாசலிலிருந்து விரட்டும் நீதிபதியின் பேச்சு.