மூடிய தட்டும் நிரம்பிய குப்பைத் தொட்டியும்

வேலூர் பாகாயத்தில் சிஎம்சி-யின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியுடன் வீட்டாரும் தங்கி உடனிருப்பது அங்கே நெடுநாள் வழக்கம். வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவருக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது: “இது மூளைக்குள்ள போய் என்னதான் பண்ணுது?” விடையில் பெரும்பகுதியைச் சொன்னவை முயலும் எலியும்தான். அதைப் புரிந்துகொள்ள ஆம்பூர் பிரியாணிக் கடை ஒன்று போதும்.

நரம்பு செல்தான் சமையற்கட்டு. டோபமைன் என்கிற வேதிப்பொருள் பிரியாணி. அதைச் சேர்த்துவைக்கும் நுண்பைகள் தேக்சா. எதிரே இருக்கும் செல்லின் ஏற்பிகள் தட்டு. தட்டில் விழுந்தால்தான் சேதி சேரும்.

முதலில் நம் சர்ப்பகந்தி. அதன் வேர் சித்தக் கலக்கத்தைத் தணிக்கும் என்று கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே எழுதிவிட்டார்கள். அதிலிருந்து 1952-ல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், தேக்சாவில் பிரியாணியை ஏறவே விடாது. வெளியே கிடப்பது வீணாகும். 1957-ல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்த முயல்கள் அசையாமல் கிடந்தன. மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபாவை ஊசியில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் எழுந்து நடமாடின.

சித்தக் கலக்கத்துக்குத் தரும் மருந்துகளான குளோர்புரோமசினும் ஹாலோபெரிடாலும் வேறு ரகம். இவற்றைக் கொடுத்தாலும் தேக்சா நிறைந்தே இருந்தது. பிறகு ஏன் எலி அடங்கிப்போகிறது? 1963-ல் கார்ல்சனும் மார்கிட் லிண்ட்குவிஸ்டும் சுண்டெலிகளில் தேக்சாவோடு குப்பைத் தொட்டியையும் பார்த்தார்கள். குப்பை அள்ளும் நொதி ஒன்றை முன்கூட்டியே நிறுத்தி வைத்ததுதான் சாமர்த்தியம். டோபமைனின் கழிவு குவிந்திருந்தது. மருந்து தட்டுகளின் மேல் மூடி போட்டுவிடுகிறது. யாருக்கும் எட்டவில்லை என்று நினைத்து சமையற்கட்டு மேலும் மேலும் பரிமாறுகிறது. எல்லாம் தொட்டிக்குப் போகிறது என்று ஊகித்தார்கள். 1970-களின் நடுவில் டொரன்டோவிலும் பால்டிமோரிலும் கன்றின் மூளைத் திசுவில் அந்த மூடியை நேரடியாகவே அளந்தார்கள். இறுக்கமாக உட்காரும் மருந்துக்கு மனிதரிடமும் சிறு டோஸ் போதுமானதாக இருந்தது.

தொல்லை என்னவென்றால், உடல் அசைவைக் கவனிக்கும் மேசையிலும் இதே தட்டுகள்தான். ஹாலோபெரிடால் கொடுத்த எலியின் முன்கால்களை ஒரு கம்பியின் மேல் தூக்கி வைத்தால் அப்படியே நிற்கும். நோயாளியின் விறைப்பும் கைநடுக்கமும் இந்த வகைதான். குளோசபின் என்ற இன்னொரு மருந்து தளர்வான மூடி; அது கொடுத்த எலி பெரும்பாலும் காலை எடுத்துவிடும்.

எலிக்குக் காதில் குரல் கேட்கிறதா என்று யாரும் விசாரிக்க முடியாது. மருந்து செய்வதைத்தான் அது காட்டும். நோயின் மூலத்தைச் சொல்லாது.

இன்னொன்றையும் காட்டியது. 1977-ல் பால்டிமோரில், வாரக்கணக்கில் மருந்து பெற்ற எலிகளின் மூளையில் தட்டுகள் 20 முதல் 25 சதவீதம் கூடியிருந்தன. மூடியைச் சட்டென்று எடுத்தால் அத்தனை தட்டுகளும் ஒரே நேரத்தில் பரிமாறலுக்குத் திறந்துகொள்ளும். “நல்லாயிட்டேன்” என்று தானாகவே மாத்திரையை நிறுத்துகிறவரை டாக்டர் கடிந்துகொள்ள இதுவும் ஒரு காரணம்.