குசினி உப்பும் குஞ்சு பொரிக்கும் பெட்டியும்

தொண்டைமானாற்றிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ரெஜிபோம் பெட்டி, மின்குமிழ், பழைய கணினியில் கழற்றிய சின்னக் காற்றாடி. வைத்தது 24 ஊர்க்கோழி முட்டை, பொரித்தது ஏழு. மிச்சத்தை உடைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் முழுக் குஞ்சுகள், ஊதி நனைந்து ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தனவாம். சூடு 37.5 பாகை, பிசகவில்லை. தண்ணீர்க் கிண்ணமும் ஒருநாளும் வற்றவில்லை. பிறகென்ன பிழை?

அந்தக் கிண்ணம்தான்.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். முதல் 18 நாளில் அவற்றின் வழியே முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீதத்தை நீராக இழக்க வேண்டும். 50 கிராம் முட்டைக்கு ஆறு கிராம். இழந்த அளவுக்கு அகன்ற முனையில் காற்றறை பெருக்கும். ஓட்டைக் கொத்துமுன் குஞ்சு அலகை அந்த அறைக்குள் நீட்டித்தான் முதல் மூச்சு எடுக்கிறது. பெட்டியில் ஈரம் மிஞ்சினால் அறை சிறுத்துவிடும். குஞ்சு அங்கேயே மூச்சுமுட்டிப் போகும்.

முதல் 18 நாளுக்கு ஈரப்பதம் 50 சதவீதம் என்பது வழக்கமான அறிவுரை. குளிர்நாட்டில் ஹீற்றர் போட்ட வறண்ட அறையில் அதற்குத் தண்ணீர் வேண்டும். ஒருபுறம் கடலும் மறுபுறம் நீரேரியுமாகக் கிடக்கும் தொண்டைமானாற்றின் கதை வேறு. 30 பாகையில் 75 சதவீத ஈரத்தோடு உள்ள காற்றை 37.5க்குச் சூடாக்கினால், நீராவி அதேதான், ஈரப்பதம் மட்டும் 49க்கு இறங்கிவிடும். கேட்ட அளவு காற்றிலேயே வருகிறது! வாடைக்காலத்தில் காற்று இன்னும் நனைந்திருக்கும், ஆனால் குளிர்ந்தும் இருக்கும்: 26 பாகையில் 85 என்றாலும் பெட்டிக்குள் 44தான். அப்போது ஒரு போத்தல் மூடி தண்ணீர் காணும்.

வெளியே 75 இருப்பதை அறியக் கருவிகூட வேண்டாம். காற்றின் ஈரம் 75ஐத் தாண்டினால் சுத்தமான கறியுப்பு நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். (கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அது முந்திக்கொண்டு கசியும், அதை நம்பக்கூடாது.) ஈரமானியைச் சோதிக்கவும் இதே உப்புத்தான். போத்தல் மூடியில் உப்பைக் கரையவிடாமல் சேறாகக் குழைத்து, ஈரமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால், மானி 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் நாலு கூட்டிப் படிக்கலாம். மின்குமிழுக்கும் காற்றாடிக்கும் அலைந்து திரிபவர்கள் இந்த ஒரு இரவைச் செலவழிப்பதில்லை. மலிவான மானி சொல்வதை வேதமாக எடுத்துக்கொண்டு முட்டைகளைப் பலி கொடுக்கிறார்கள்.

மின்வெட்டுக்கு மட்டும் அவ்வளவு பதற வேண்டாம். அடைக்கோழியும் தினமும் இரைதேட எழும்பிப் போகிறது. அந்தக் கொஞ்ச நேரம் முட்டை ஆறினால் ஒன்றும் ஆகாது. ஆனால் 2022 மார்ச் கடைசியில் வந்தது போன்ற 13 மணி நேர வெட்டென்றால் சுடுநீர்ப் போத்தலும் சாக்கும் வேண்டும்.

18ஆம் நாள் எல்லாம் தலைகீழ். முட்டை புரட்டுவதை நிறுத்தி, கிண்ணத்தை நிரப்பி, ஈரத்தை 65க்கு மேல் ஏற்ற வேண்டும். இல்லையேல் உள்தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்தால் அந்த ஈரம் நொடியில் வெளியே போய்விடும். உள்ளே கீச்சொலி கேட்கத் தொடங்கியதும், வீட்டுப் பிள்ளைகளைப் பெட்டிக்குக் கிட்ட விடாமல் வைத்திருப்பதுதான் வாசகருக்குக் கடைசி வேலை.